ரெண்டு போடு, பரணி

“தப்பு பண்ணா ரெண்டு போடு பரணி. ஏன்னு நான் கேக்க மாட்டேன்.”

தனம் இதைச் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். பைக்கை உதைத்துக்கொண்டிருந்த பரணி சிரித்தான். கேட்டருகே கோலம் போட்டுக்கொண்டிருந்த அவன் அம்மா தாயாரம்மாள் சிரித்தாள். டியூஷன் பையை மடியில் வைத்துக்கொண்டு பின் சீட்டில் உட்கார்ந்த தனத்தின் மகள் சினேகாவும் சிரித்தாள்.

சும்மா பேச்சுக்குச் சொல்வதுதான். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியாரிடம் சொல்கிறோம். டியூஷன் டீச்சரிடம் சொல்கிறோம். யாரும் அதை மனதில் வைத்துக்கொள்வதில்லை.

பெருங்களத்தூரில் தாயாரம்மாளின் மாடிப் போர்ஷனுக்குத் தனம் குடிவந்து அப்போது ஒரு வருஷம் ஆகியிருந்தது. கணவன் கேசவன் மாரடைப்பில் போன பிறகு, மறைமலை நகரில் கார்களுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். ஒரு வாரம் காலை ஷிப்ட், மறுவாரம் மதிய ஷிப்ட். மதிய ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும்போது தெருவே தூங்கியிருக்கும். அதுவரை பிளஸ் டூ படிக்கும் பதினேழு வயசுப் பெண் தனியாகத் தாம்பரத்தில் பள்ளி முடித்து, டியூஷன் முடித்து, ரயில் பிடித்து, ஜிஎஸ்டி ரோட்டைத் தாண்டி வீட்டுக்கு வர வேண்டும். லைனில் நின்று ஒயர் கட்டும்போதெல்லாம் தனத்துக்கு இந்த ரோடுதான் கண்ணில் ஓடும்.

கீழ்வீட்டுப் பரணிக்குப் பத்தொன்பது வயது. தாம்பரம் பக்கம் டிப்ளமோ கடைசி வருஷம். கேட்காமலேயே காஸ் சிலிண்டரை மாடிக்குத் தூக்கி வருவான். தனத்துக்குக் காய்ச்சல் என்றால் மாத்திரையோடு இட்லியும் வாங்கி வருவான். பார்க்கிறவர்கள், ‘உன் பையனா?’ என்று கேட்கும்போது தனம் உடனே இல்லை என்று சொல்ல மாட்டாள்.

ஆனாலும் வயசுப் பையன். அதற்கும் தனம் ஒரு வழி வைத்திருந்தாள்.

குடிவந்த புதிதில் பரணி அவளை ‘அத்தை’ என்று கூப்பிட்டான். அவள் அந்த இடத்திலேயே திருத்தினாள்.

“அத்தைன்னு வேணாம்பா. சித்தின்னு கூப்பிடு.”

அத்தை மகள் என்றால் கட்டிக்கொள்ளும் முறை. சித்தி மகள் என்றால் தங்கை. ஒரே வார்த்தையில் சுவர் எழுப்பிவிட்ட நிம்மதி தனத்துக்கு. சினேகாவிடமும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள், அண்ணான்னுதான் கூப்பிடணும், பேர் சொல்லிக் கூப்பிட்டால் வாயில் சூடு.

ஆகஸ்டில் சுவரை இன்னும் கொஞ்சம் உயர்த்தினாள். தாம்பரம் மார்க்கெட்டில் ஜிகினா ஒட்டிய ராக்கி ஒன்றை வாங்கி வந்து சினேகாவின் கையில் கொடுத்தாள்.

“இதெல்லாம் நம்ம வழக்கமாம்மா?” என்றாள் சினேகா.

“நல்லது எங்கேர்ந்து வந்தா என்ன. கட்டு.”

பரணி கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வாயோரம் ஒரு சிரிப்பு. சினேகாவுக்கு முடிச்சு விழவே இல்லை. நழுவி நழுவிப் போனது.

“ஷூ லேஸ் கட்டத் தெரியாதவளுக்கு ராக்கி ஒரு கேடா,” என்று பரணி கிண்டல் செய்தான். தனம் சிரித்துக்கொண்டே போட்டோ எடுத்தாள். அண்ணன், தங்கை என்று எழுதி ஸ்டேட்டஸில் வைத்தாள். கம்பெனியில் பாதிப் பேர் அதற்கு இதயம் போட்டார்கள்.

அதன் பிறகு சினேகாவிடம் வந்த மாற்றங்கள் எல்லாம் தனத்துக்குப் பிடித்த மாற்றங்களாகவே இருந்தன.

கையில்லாத சுடிதார்களைத் தூக்கிப் பரண்மேல் போட்டாள். நெற்றியில் விழ வெட்டியிருந்த முடியை வளர்த்து, பின்னால் இழுத்துக் கட்டினாள். ஸ்கூல் த்ரோபால் டீமிலிருந்து விலகினாள். “பப்ளிக் எக்ஸாம் வருதுல்ல,” என்றாள். எதைக் கேட்டாலும், “அண்ணாகிட்ட கேட்டுட்டு சொல்றேம்மா,” என்றாள். நிஷா என்று ஒரு தோழி. கழுத்துவரை முடி வெட்டிக்கொண்டு, ஸ்கூட்டியில் வந்து தெருவில் நின்று ஹாரன் அடிப்பாள். சத்தமாகச் சிரிப்பாள். அவள் வருவதும் நின்றது.

பரணியிடமிருந்து தினமும் தனத்துக்கு மெசேஜ் வரும். ‘ஸ்கூல்ல விட்டாச்சு சித்தி.’ ‘டியூஷன் முடிஞ்சிது சித்தி.’ ‘வூட்டுக்கு வந்தாச்சு சித்தி.’

சினேகா சாப்பிடும்போதும் போன் தட்டுக்குப் பக்கத்தில் எரிந்துகொண்டே இருக்கும். அதைப் பார்த்துப் பார்த்து ஒரு வாய், அதைப் பார்த்துப் பார்த்து இன்னொரு வாய். படிக்கிற பெண்களுக்கு ஆயிரம் குரூப், என்று தனம் நினைத்துக்கொண்டாள்.

தீபாவளி முடிந்து மழை பிடித்துக்கொண்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை. தனம் சமையலறையில் உட்கார்ந்து சங்கரா மீனைச் செதில் சுரண்டிக்கொண்டிருந்தாள். சினேகா வந்து எதிரில் உட்கார்ந்தாள். மீன் நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுகிறவள் அன்று உட்கார்ந்தே இருந்தாள்.

“அம்மா.”

“ம்.”

“பரணி அண்ணா நேத்து என்னை அடிச்சிட்டான்.”

தனத்தின் கை நிற்கவில்லை. “எதுக்கு?”

“நிஷாகிட்ட பேசினேன்னு.”

“பேசாதன்னு சொல்லியிருந்தானா?”

“ம்.”

“அப்புறம் ஏன் பேசினே?”

சினேகா தரையைப் பார்த்தாள்.

“எங்க அடிச்சான்?”

“கன்னத்துல.”

தனம் நிமிர்ந்து பார்த்தாள். கன்னத்தில் ஒன்றும் தெரியவில்லை. சிரிப்பு வந்தது அவளுக்கு.

“அண்ணன்னா ரெண்டு அடி அடிக்கத்தான் செய்வான். உங்க மாமா என்னை அடிக்காத அடியா? செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுல ஒரு பையன் டைம் கேட்டான். நான் சொன்னேன். அவ்ளோதான் நடந்துது. வீட்டுக்கு வந்ததும் பெல்ட்டைக் கழட்டிட்டான். அப்புறம் அவனே பரோட்டா வாங்கிட்டு வந்து ஊட்டி விட்டான்.”

“பரோட்டாவா?”

“சால்னாவோட. அக்கறை இருக்கறவன்தான்டி கை ஓங்குவான். ரோட்ல போறவனா வந்து கேப்பான்?”

சினேகா கொஞ்ச நேரம் அம்மாவையே பார்த்தாள். செதில் ஒன்று பறந்து வந்து அவள் முட்டியில் ஒட்டிக்கொண்டது. அதைக் கிள்ளி எடுத்தாள்.

“பரணி எனக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தந்தான்,” என்றாள்.

“பாத்தியா.”

“சரிம்மா,” என்று எழுந்து போனாள்.

பரணி அண்ணா என்று ஆரம்பித்தவள் கடைசியில் பரணி என்று மட்டும் சொன்னதைத் தனம் கவனிக்கவில்லை. குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

பொங்கல் கழிந்து, ரிவிஷன் தேர்வுகள் நடந்துகொண்டிருந்தன. அன்று காலை ஷிப்ட். சாப்பாட்டு பெல் அடித்ததும் தனம் லாக்கரிலிருந்து போனை எடுத்தாள். எடுத்த கையோடு மணி அடித்தது.

“சித்தி, ஒரு நிமிஷம். இங்க ஒரு சார் உங்ககிட்ட பேசணுமாம்,” என்றான் பரணி.

“யாரு பரணி? என்னாச்சு?”

போன் கை மாறியது. வயதான, கொஞ்சம் மூச்சு வாங்குகிற ஆண் குரல்.

“ஏம்மா, பெருங்களத்தூர் ஸ்டேஷன் பிரிட்ஜ் மேலேர்ந்து பேசறேன். இந்தப் பையன் ஒரு ஸ்கூல் பொண்ணு கையைப் புடிச்சு இழுத்துகினு நிக்கிறான். பொண்ணு அழுவுது. கேட்டா தங்கச்சின்றான். உங்களுக்குத் தெரிஞ்சவனா?”

கேன்டீனில் தட்டுகளின் சத்தம். தனம் ஒரு காதைப் பொத்திக்கொண்டாள்.

“தெரியும் சார். என் பையன் மாதிரி. அவன்தான் என் பொண்ணைப் பாத்துக்கறான். எக்ஸாம் முடிஞ்சு ஊர் சுத்தக் கிளம்பியிருப்பா. தப்பு பண்ணா ரெண்டு போடுன்னு நான்தான் அவனுக்கு சொல்லியிருக்கேன்.”

“பொண்ணுகிட்ட பேசறீங்களாம்மா? குடுக்கட்டா?”

“பரவால்ல சார். வீட்டுக்குப் போய்ப் பேசிக்கறேன். லைனுக்குப் போவணும்.”

“சரிம்மா. ஊர் கெட்டுக் கெடக்குது, அதான் கேட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க.”

“நல்லது சார். உங்கள மாதிரி நாலு பேர் கேக்கணும்.”

போனை வைத்துவிட்டு, பக்கத்தில் சாம்பார் சாதம் பிசைந்துகொண்டிருந்த கிறிஸ்டியிடம் இதைச் சொன்னாள். இருவரும் ஒரே லைன். “இந்தக் காலத்துல இப்படி ஒரு பையன். குடுத்து வெச்சவக்கா நீ,” என்றாள் கிறிஸ்டி. தனத்துக்கு அன்று சாப்பாடு நன்றாக இறங்கியது.

சாயங்காலம் சினேகாவின் வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது.

“அவன் இழுத்ததுலயா?”

“இல்லம்மா. படியில வழுக்கிட்டேன்.”

தனம் தைலம் தடவிக் கட்டுப் போட்டாள். திட்டிக்கொண்டேதான் போட்டாள், எழுதுகிற கை, எக்ஸாம் நேரம் என்று. சினேகா கையை நீட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். வலிக்குதா என்று கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினாள்.

இரண்டு நாள் கழித்துத் தனம் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியபோது நிழற்குடையில் நிஷா நின்றிருந்தாள். ஸ்கூல் யூனிஃபார்ம். ஸ்கூட்டி சாவியை விரலில் சுற்றிச் சுற்றி நிறுத்தினாள்.

“ஆன்ட்டி, ஒரு அஞ்சு நிமிஷம். திட்றதுன்னா அப்புறம் திட்டுங்க.”

“உன்கூட சினேகா பேசறதில்லன்னு நெனச்சேனே.”

“பேசறதில்லதான். பேச விட்டாத்தானே.” நிஷா சாவியைப் பைக்குள் போட்டாள். “பரணி அவளுக்கு அண்ணன் இல்ல ஆன்ட்டி. ரெண்டு பேரும் லவ் பண்றாங்க. போன ஜூன்லேர்ந்து.”

ஜிஎஸ்டி ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. தனத்துக்கு முதலில் வந்தது கோபம். எதிரில் நிற்கும் இந்தப் பெண் மேல்.

“என்ன பேசறேன்னு தெரிஞ்சுதான் பேசறியா? ராக்கி கட்டியிருக்கா அவ.”

“தெரியும். அன்னைக்கு எனக்குப் போன் பண்ணி அழுதா. இனிமே எங்கம்மாகிட்ட எப்படிடி சொல்வேன்னு.” நிஷா நிறுத்தவில்லை. நிறுத்தினால் தொடர முடியாது என்பதுபோலப் பேசிக்கொண்டே போனாள். “மொதல்ல என்கூட பேசாதன்னான். அப்புறம் த்ரோபால் வேணாம், கையில்லாத டிரஸ் போடாதன்னான். வீட்ல இருக்கறப்ப வீடியோ கால் ஆன்லயே இருக்கணும். கட் ஆச்சுன்னா மறுநாள் அடி. பிரேக்கப்னு சொன்னா, பின்னாடி அவளை உக்கார வெச்சுகிட்டே பைக்கை லாரிக்கு நேரா விடுவான். சாவலாம் வான்னு. அப்புறம் அவனே அழுவான். இவளே சமாதானம் பண்ணுவா.”

தனம் நிழற்குடையின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“அன்னைக்கு பிரிட்ஜ் மேல நானும் இருந்தேன் ஆன்ட்டி. நான் அவகிட்ட பிசிக்ஸ் பேப்பர் எப்படின்னு கேக்கப் போனேன், அதுக்குத்தான் அவன் அவ கையைப் புடிச்சு இழுத்தான். அந்த அங்கிள் விடவே இல்ல. போலீசைக் கூப்பிடறேன்னாரு. அவன் சிரிச்சுகிட்டே உங்களுக்கு போன் போட்டு, ஸ்பீக்கர்ல வெச்சு அவர் கையில குடுத்தான்.”

“ஸ்பீக்கர்லயா?”

“நீங்க சொன்னது எல்லாத்தையும் அவ கேட்டா. அந்த அங்கிள் சாரி தம்பின்னு சொல்லிட்டுப் போயிட்டாரு.” நிஷா தன் மணிக்கட்டைப் பிடித்துக் காட்டினாள். “அவர் எறங்கிப் போனப்புறம்தான் கையை முறுக்கினான். அதுவரைக்கும் சும்மா புடிச்சுதான் இருந்தான்.”

கேட்டருகே பரணி பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“வாங்க சித்தி. பஸ் லேட்டா?”

தனம் நேரே மாடி ஏறினாள். ஏறும்போது எத்தனையோ ஓடியது. போனைப் பிடுங்கி உடைக்க வேண்டும். பள்ளியை நிறுத்த வேண்டும். அண்ணன் என்று கூப்பிட்ட வாயிலேயே ஒன்று போட வேண்டும்.

சினேகா மேஜையில் படித்துக்கொண்டிருந்தாள். போன் எதிரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. தனம் போய் அதைக் கவிழ்த்து அணைத்தாள்.

“நிஷா வந்தா. எவ்ளோ நாளாடி இது?”

என்று கேட்டபடி ஒரு அடி முன்னால் வைத்தாள். அவ்வளவுதான். சினேகாவின் கை தானாக உயர்ந்து முகத்தை மறைத்தது. கட்டுப் போட்ட கை.

இப்படிக் கை உயர்வதைத் தனம் இதற்கு முன் பார்த்ததே இல்லை. கேசவன் இருந்த நாளிலும் வீட்டில் யாரும் யாரையும் அடித்ததில்லை. இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டியதே இல்லை.

“அடிக்க மாட்டேன்,” என்றாள் தனம்.

“அவனும் அப்படித்தாம்மா சொல்வான்.”

தனம் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நாற்காலிக்குக் கீழே, மகளின் கால்களுக்குப் பக்கத்தில்.

“ஏன் சினேகா என்கிட்ட சொல்லல?”

“சொன்னேம்மா.”

“எப்ப சொன்னே?”

“சங்கரா மீன் ஆஞ்சுகிட்டிருந்தே.” சினேகா கோபமாகச் சொல்லவில்லை. ஞாபகப்படுத்துவதுபோலச் சொன்னாள். “ரெண்டு நாள் யோசிச்சு யோசிச்சு வந்தேன். அடிச்சான்னு மொதல்ல சொல்லலாம், நீ அவனைத் திட்டுவே, அப்புறம் மத்ததைச் சொல்லலாம்னு. நீ பரோட்டா கதை சொன்னே.”

அன்று செதில் ஒட்டிய முட்டியைத் தனம் பார்த்தாள்.

“அடிக்கும்போதெல்லாம் சொல்வாம்மா. உங்கம்மாவே பர்மிஷன் குடுத்திருக்காங்கன்னு. அதை நான் நம்பல. சும்மா சொல்றான், எங்கம்மா வெளையாட்டுக்கு சொன்னதுன்னு சண்டை போடுவேன். பிரிட்ஜ் மேல ஸ்பீக்கர்ல கேட்டப்புறம் சண்டை போடல.”

கீழே பரணி பைக்கை ஒரு தடவை முறுக்கிப் பார்க்கும் சத்தம் கேட்டது. சினேகாவின் தோள் அந்தச் சத்தத்துக்கு இறுகியது.

“அவனை ஒண்ணும் பண்ணிடாதம்மா. அப்புறம் ரொம்ப அழுவான். கெட்டவன் கெடையாது. நான்தான் அவன் சொன்னதைக் கேக்கல. நிஷாகிட்ட பேசியிருக்கக் கூடாது.”

பெல்ட்டடி வாங்கிய அன்று, வாயில் பரோட்டாவோடு, தனமும் இதையேதான் நினைத்திருந்தாள். டைம் சொல்லியிருக்கக் கூடாது. இருபத்தைந்து வருஷமாக அதை அப்படியே நம்பியும் இருந்தாள்.

“நீ நிஷாகிட்ட பேசினது தப்பில்ல,” என்றாள். “நான் டைம் சொன்னதும் தப்பில்ல.”

சினேகா அழுதாள். தனம் கையை நீட்டினாள். சினேகா கையைக் கொடுக்கவில்லை.

கீழ்வீட்டில் தாயாரம்மாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சீரியலை நிறுத்தாமலே பேசினாள்.

“இன்னா தனம், இன்னா பேசிகினு கீற? ரெண்டு போடுன்னு சொன்னது யாரு? தெருவே கேட்டுச்சே. ராக்கி கட்டி ஊருக்கெல்லாம் போட்டோ காட்டினது யாரு? இப்ப வந்து எம் புள்ள கை நீட்டிட்டான், லவ்வுன்னு நிக்கிற. வூடு குடுத்ததுக்கு நல்லா செஞ்ச.”

அவள் பின்னால் பரணி நின்றிருந்தான். கண்கள் நிறைந்திருந்தன. அது நடிப்பில்லை என்பது தனத்துக்குத் தெரிந்தது. அதுதான் பயமாக இருந்தது.

“நீங்க சொல்லித்தானே சித்தி பாத்துகிட்டேன். அவளைத் தப்பான வழியில போக விடாமப் பாத்துகிட்டேன்.”

“சித்தின்னு கூப்பிடாத,” என்றாள் தனம். 

மறுநாள் லீவு சொல்லிவிட்டு மகளிர் காவல் நிலையத்துக்குப் போனாள். கிறிஸ்டியும் லீவு போட்டுவிட்டுக் கூட வந்தாள். நிஷா வந்தாள். சினேகா வருவதாகச் சொல்லவும் இல்லை, வர மாட்டேன் என்றும் சொல்லவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள்.

அவர்களுக்கு முன்பே தாயாரம்மாள் ஒரு சொந்தக்காரரோடு வந்து உட்கார்ந்திருந்தாள். எஸ்.ஐ. அம்மாவின் மேஜைமேல் ஒரு போன். அதில் அந்த ராக்கி போட்டோ. ஜிகினா மினுங்கியது.

“அண்ணன் தங்கச்சி சண்டைன்றாங்க,” என்றார் எஸ்.ஐ. “தப்பு பண்ணா அடிக்கச் சொல்லி நீங்களே சொன்னீங்களாம். அப்படிச் சொன்னீங்களாம்மா?”

கிறிஸ்டி மேஜைக்குக் கீழே தனத்தின் தொடையைக் கிள்ளினாள். வரும் வழியில் பஸ்ஸிலேயே சொல்லியிருந்தாள். ‘சொல்லவே இல்லன்னு சொல்லுக்கா. யாரு ரெக்கார்ட் பண்ணி வெச்சிருக்கா?’

தனம் சினேகாவைப் பார்த்தாள். சினேகா சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் காது மட்டும் இங்கே இருந்தது.

“சொன்னேன் மேடம். வாசல்ல எல்லார் முன்னாடியும் சொன்னேன். பிரிட்ஜ் மேல ஒரு பெரியவர் இவளைக் காப்பாத்த வந்தாரு. அவர்கிட்டயும் போன்ல சொன்னேன். பொண்ணுகிட்ட பேசறீங்களான்னு கேட்டாரு. வேணாம்னுட்டேன். நான் அப்படி சொன்னதாலதான் அவர் போனாரு. அவர் போனதாலதான் இவ கை இப்படி இருக்கு. எல்லாத்தையும் எழுதிக்கோங்க.”

கிறிஸ்டி கையை எடுத்துக்கொண்டாள்.

எஸ்.ஐ. எழுதிக்கொண்டார். பிறகு தாயாரம்மாளின் பக்கம் திரும்பி, “இவங்க சொன்னாலும் அடிக்க அவனுக்கு ரைட்டு கெடையாதும்மா,” என்றார். தனத்தின் பக்கம் திரும்பி, “உங்களுக்கே கெடையாது,” என்றார்.

“தெரியுது மேடம்.”

“பொண்ணுக்கு இன்னும் பதினெட்டு ஆவல. அவகிட்ட தனியாப் பேசணும். கவுன்சிலர் வந்திருக்காங்க. அம்மா கூட இருக்கலாம், இல்ல அவளுக்கு யாரு வேணுமோ அவங்க இருக்கலாம்.”

எஸ்.ஐ. சினேகாவிடம் குனிந்தார். “யாரு இருக்கட்டும் பாப்பா?”

சினேகா காலண்டரிலிருந்து கண்ணை எடுத்து அம்மாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஏதோ இளகியிருந்தது. தனம் எழுந்திருக்கப் போனாள்.

“நிஷா,” என்றாள் சினேகா. “அம்மா வெளியில இருக்கட்டும்.”

தனம் வெளியில், வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தாள். மூடிய கதவுக்குப் பின்னால் மகளின் குரல் கேட்டது. வார்த்தைகள் புரியவில்லை. நிறுத்தி, நிறுத்தி, பிறகு நிறுத்தாமல் பேசிக்கொண்டே போனது அந்தக் குரல். இத்தனை பேச்சு அவளுக்குள் இருந்திருக்கிறது. கிறிஸ்டி டீ வாங்கி வந்தாள். ஆறி ஏடு படியும்வரை தனம் அதைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

இப்போது அவர்கள் இருப்பது கூடுவாஞ்சேரியில், புதிதாக வந்த லேஅவுட் ஒன்றில். பக்கத்து மனைகளில் இன்னும் புல்தான் முளைத்திருக்கிறது. வழக்கு நடக்கிறது. பரணி அவர்கள் பக்கமே வரக் கூடாது என்று ஏற்பாடு. ஒரு தடவை வேறொரு நம்பரிலிருந்து ‘சாரி’ என்று மட்டும் மெசேஜ் வந்தது. சினேகா அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நிஷாவிடம் காட்டினாள். நிஷாதான் அதை எஸ்.ஐ.க்கு அனுப்பினாள். தனத்துக்கு விஷயம் தெரிந்தது எஸ்.ஐ. போன் செய்த பிறகுதான்.

சினேகா பரீட்சை எழுதினாள். காட்டாங்குளத்தூர் பக்கம் ஒரு கல்லூரியில் சேர்ந்தாள். நெற்றியில் விழ முடி வெட்டிக்கொண்டாள். சனிக்கிழமைகளில் நிஷாவின் ஸ்கூட்டியில் எங்கோ போய்ப் பந்து விளையாடிவிட்டு முட்டியெல்லாம் மண்ணாக வருகிறாள். பக்கத்து அறையில் போனில் சிரிக்கிறாள். மாதம் ஒரு முறை கவுன்சிலரைப் பார்க்கப் போகிறாள். அங்கே என்ன பேசினாள் என்று தனம் கேட்பதில்லை.

தனம் எதைச் சொன்னாலும் சினேகா மறுப்பதில்லை. சாப்பிடு என்றால் சாப்பிடுகிறாள். குடை எடுத்துக்கோ என்றால் எடுத்துக்கொள்கிறாள்.

“சரிம்மா,” என்கிறாள்.

தீபாவளிக்குத் தனத்தின் அண்ணன் வந்திருந்தான். நடந்ததை யாரோ சொல்லியிருக்கிறார்கள். “அப்பவே நாலு வெச்சு வளத்திருந்தா இப்படி ஆயிருக்காது,” என்றான். தனம் அவனுக்குப் பரிமாறிக்கொண்டிருந்தாள். கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தாள். “அண்ணே, இந்த வீட்ல அந்தப் பேச்சு வேணாம். செங்கல்பட்டுல நான் டைம்தான் சொன்னேன்,” என்றாள். அவனுக்கு எதுவும் புரியவில்லை. அவனுக்கு அது ஞாபகமே இல்லை. உள்ளறையில் சினேகாவின் போன் பேச்சு ஒரு நொடி நின்று, மறுபடி தொடர்ந்தது.

அதற்கு அடுத்த ஞாயிறு மார்க்கெட்டில் சங்கரா வந்திருந்தது. வாங்க வேண்டாம் என்றுதான் நினைத்தாள். வாங்கிவிட்டாள். சமையலறையில் உட்கார்ந்து செதில் சுரண்டிக்கொண்டிருந்தபோது, உள்ளறைக் கதவு திறந்து, காலடிச் சத்தம் வந்து வாசற்படியில் நின்றது.

தனம் கத்தியைக் கீழே வைத்தாள். எழுந்து குழாயைத் திறந்து, சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள். முந்தானையில் துடைத்துக்கொண்டாள். அடுப்பை அணைத்தாள். பிறகு திரும்பி நின்றாள்.

“சொல்லும்மா,” என்றாள்.

சினேகா அவள் கையைப் பார்த்தாள். அடுப்பைப் பார்த்தாள். பாதி செதில் சுரண்டிய மீனைப் பார்த்தாள். எதற்காக அடுப்பு அணைந்தது என்று அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். உதடு ஒரு முறை அசைந்தது.

“தண்ணி குடிக்க வந்தேம்மா.”

சொம்பில் மொண்டு, அண்ணாந்து குடித்தாள். சொம்பைக் கவிழ்த்து வைத்தாள். போகும்போது, “அடுப்பைப் பத்த வெச்சிக்கோ,” என்றாள்.

உள்ளறைக் கதவு மூடும் சத்தத்துக்காகத் தனம் காத்திருந்தாள். அது கேட்டது. அதன் பிறகும் அவள் மீனைத் தொடவில்லை, ஒருவேளை திரும்பி வந்தாலும் வருவாள் என்று ஈரம் காயாத கைகளோடு அப்படியே நின்றிருந்தாள்.